போர்வையை உருவிய தண்டு

என் அக்காவுக்குப் பட்டறையில் நெருப்புக்கோழி என்று பெயர். அப்படிக் கூப்பிட்டால் கோபப்பட மாட்டாள். "கொத்தினாத்தான் தெரியும்" என்பாள்.

உப்புத்தண்ணீர் இறைக்கும் பம்புகளின் தண்டுகள் அரித்துப்போய் எங்களிடம் வரும். தண்டு சுழலச் சுழல, வெல்டிங் இயந்திரத்தின் கை கம்பியை உருக்கி, துருப்பிடிக்காத கடின எஃகை அடுக்கடுக்காகப் படியவைக்கும். அதை ஓட்டுவது அக்கா. படிந்த கரியைத் தேய்த்துச் சுத்தம் செய்வது நான்.

அந்த எஃகு சட்டென்று குளிர்ந்தால் விரிசல் விடும். அதனால் கடைசி அடுக்கு முடிந்ததும் தீப்பிடிக்காத போர்வையைச் சுற்றி, மறுநாள்வரை மெல்ல ஆறவிடுவோம்.

அன்று அக்கா சாப்பிடப் போயிருந்தாள். தண்டை ஏற்றிப்போக வந்த லாரி வாசலில் நின்றது. மேலாளர் போர்வையை உருவிவிட்டு, பெரிய மின்விசிறியைத் தண்டின் பக்கம் திருப்பினார். சற்று நேரத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். அக்காவிடம் ஓடினேன்.

அவள் வந்து தண்டின் பக்கத்தில் நின்றாள். மேலாளர் சோதனைத் தாளை நீட்டினார்.

"கையெழுத்துப் போடும்மா."

"சோதிக்காம எப்படி சார் போடுறது?"

"போடலேன்னா நாளைக்கு வேலைக்கு வர வேணாம்."

அக்கா தாளை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். தண்டு கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் விரிசல் இருந்தால் உள்ளே இறங்கும் சிவப்புச் சாயத்தைப் பூசினாள். ஊறவிட்டுத் துடைத்தாள். இறங்கிய சாயத்தை வெளியே இழுத்துக் காட்டும் வெள்ளை மருந்துக்குக் கையை நீட்டினாள். டப்பாவோடு நான் தயாராக நின்றிருந்தேன். அவள் அதை அடித்ததும் வெள்ளையில் மயிரிழைபோல் ஒரு சிவப்புக் கோடு எழுந்தது.

மேலாளர் துணியால் அழித்தார். "தூசி."

அக்கா மறுபடி அடித்தாள். அதே இடத்தில் அதே கோடு.

"தூசி இப்படி வரிசையில வந்து நிக்குமா சார்? இதுக்குள்ள உப்புத்தண்ணி போச்சுன்னா உள்ளேருந்தே தின்னுடும்."

லாரிக்காரர் எட்டிப் பார்த்தார். "ஐயா, இத ஏத்திட்டுப் போனா அங்க என்னைத்தான் வறுத்தெடுப்பாங்க. ஆள விடுங்க." வண்டி வெறுமையாய்க் கிளம்பியது.

அக்கா தாளை விரித்து, 'விரிசல்' என்று பெரிதாக எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டாள்.

"சொன்னதுதான். நாளைக்கு வராதே" என்றார் மேலாளர்.

"வருவேன் சார். விரிசல் விட்டத கடைஞ்சு எடுத்துட்டு முதல் அடுக்குலேருந்து போடணும். வேற யாருக்குத் தெரியும்?"

மறுநாள் கதவு திறக்கும்போதே வெல்டிங் முகக்கவசத்தோடு வாசலில் நின்றாள். மேலாளர் பார்த்தார், விலகி வழிவிட்டார். அக்கா உள்ளே போனதும் முதலில் மின்விசிறியின் ஒயரைப் பிடுங்கினாள்.