கண்ணை மூடிக்கொண்ட இடங்கள்

விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அமல்ராணி, கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் எழுபது பேய்ப்படங்களாவது பார்த்திருப்பார். ஆனால் ஒரு பேயைக்கூடப் பார்த்ததில்லை.

காரணம் அவருடைய கணவர் ஸ்டீபன்ராஜ். மோட்டார் காயில் கட்டுகிற வேலை. பேய்ப்படம் என்றால் அந்த மனிதருக்குச் சோறு வேண்டாம். வெள்ளிக்கிழமை தனியாகப் போய் ஒருமுறை பார்த்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்ததும் மனைவியைக் கூட்டிக்கொண்டு மறுபடி போவார். எந்த இடத்தில் என்ன வரும் என்பது அதற்குள் மனப்பாடமாகியிருக்கும். "இப்ப கதவு தொறக்கும், கண்ண மூடிக்க" என்பார். அமல்ராணி மூடிக்கொள்வார். "போயிடுச்சு, தொற" என்றதும் திறப்பார். இப்படியே பங்களா, கிணறு, போலீஸ்காரர், பாட்டு, காமெடி எல்லாவற்றையும் பார்த்து முடித்தார். பேய் மட்டும் பாக்கி.

அந்தக் கடை வாசலில் மேஜை போட்டு மனு எழுதுகிறவன் நான். பெயர் நெடுஞ்செழியன். அப்பா கறுப்புச் சட்டைக்காரர். பேய், பிசாசு, ராகுகாலம் எதையும் நான் நம்புகிறவன் இல்லை. திங்கட்கிழமை மனு நாள் கூட்டத்தைத் தவிர வேறெதற்கும் பயந்ததும் இல்லை.

போன பிப்ரவரியில் ஸ்டீபன்ராஜ் பட்டறையில் மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தபோதே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் அவருடைய சொந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். அன்றைக்கு இரண்டு பெண்கள் அமல்ராணியைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனார்கள். குழியிலே மண் போட்டு முடியும்வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை. யாரும் திறக்கச் சொல்லவும் இல்லை.

பத்து நாள் கழித்துக் கடையைத் திறந்தவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"எழுபது படத்துக்கு முன்கூட்டியே சொன்ன மனுஷன், இதுக்கு மட்டும் சொல்லாம பூட்டாரு சார்."

மனு எழுதுகிறவனுக்குப் பதில் எழுதத் தெரியாது. டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஜூன் மாதத்தில் அவர் செல்போனில் ஒரு நாலு மணி நேர டாக்குமெண்டரியைக் கண்டுபிடித்தார். உலகத்துப் பேய்ப்படங்களிலிருந்து நூறு பயங்கரக் காட்சிகளைப் பொறுக்கி, நூறில் தொடங்கி ஒன்று வரை எண்ணி இறங்குகிறார்கள். ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் நாற்காலியில் நாலைந்து பெரிய மனிதர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். இங்கிலீஷ்தான். கீழே தமிழ் எழுத்து ஓடும். அமல்ராணி போனை ஜெராக்ஸ் மிஷின்மேல் சாய்த்து வைத்துவிட்டு ஆதார் கார்டுக்கு நகல் எடுப்பார்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. "பேய்ப்படம் பாக்கறதே தண்டம். அதுல பேய் வர்ற எடத்த மட்டும் வெட்டி ஒட்டி, அதுக்கு நாலு பேரு பொழிப்புரை வேற. இதுல என்னாம்மா கீது?" என்றேன்.

"நான் கண்ண மூடிக்கினு இருந்த எடமெல்லாம் இதுலதான் சார் இருக்குது."

எடுத்த நகலை அடுக்கிவிட்டு அவரே தொடர்ந்தார்.

"அப்பறம், வர்றதுக்கு முன்னாடியே சொல்லிட்றாங்க பாருங்க. இப்ப மாடிப்படி, இப்ப பொம்மை திரும்பும்னு. சொல்லிட்டு வந்தா பாதி பயந்தான்."

அதற்கப்புறம் நானும் தள்ளி நின்று பார்க்கத் தொடங்கினேன். ஆராய்ச்சிக்காக. நரைத்த தாடிக்காரர் ஒருவர், ஒன்பது வயதில் ஒரு படத்தைப் பார்த்துப் படுக்கையை நனைத்த கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னார். ஐம்பத்தெட்டு வயதில் நான் எந்த ஆண்பிள்ளையும் வாய்விட்டு 'எனக்குப் பயம்' என்று சொல்லிக் கேட்டதில்லை. இந்த ஆள் கேமராவைப் பார்த்துச் சொல்கிறார். அடுத்து வந்த அறுபத்தெட்டாம் காட்சியில் என் கையிலிருந்த ஸ்டாம்ப் பேடு கீழே விழுந்தது. காற்று.

அமல்ராணி ஒரு நாளைக்கு ஒரு காட்சிக்குமேல் பார்க்கமாட்டார். சில நாள் அதுவும் இல்லை.

செப்டம்பரில் மகள் வெனிலா வந்தாள். ஒரகடத்தில் கம்பெனி வேலை. கல்லறைத் திருநாளுக்குள் அப்பாவுக்குக் கருங்கல் பலகை வைக்க வேண்டும், வாசகம் எழுதிக் கொடுங்கள் அங்கிள் என்றாள். எழுதிக் கொடுத்தேன். இறந்தவர் பெயர், தோற்றம், மறைவு. கீழே துயருறும் மனைவி, மகள். முப்பது வருடமாக வாரிசுச் சான்றிதழ் மனு எழுதிய கை சும்மா இருக்குமா? வாரிசுகளின் பெயருக்கு நேராகப் பிறந்த தேதியையும் போட்டுவிட்டது. பத்துப் பைசாவுக்குப் பிரயோஜனமில்லாத சுத்தம்.

திண்டிவனத்தில் கல் வெட்டுகிறவர் அந்தத் தாளைப் பார்த்தார். மனைவிக்கும் பிறந்த தேதி இருக்கிறது. சரி, இது தம்பதி கல்லறை என்று முடிவு செய்துவிட்டார். அப்படி நிறையப் பேர் வைக்கிறார்கள். மகள் பெயரைச் சின்னதாகக் கீழே போட்டுவிட்டு, ஸ்டீபன்ராஜுக்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் வெட்டினார்: 'அமல்ராணி. தோற்றம் 14.5.1976. மறைவு'. அதற்குப் பிறகு அழகாக இடம் விட்டிருந்தார்.

அக்டோபர் கடைசியில் வெனிலா கல்லைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். போன் செய்தால் அழுகிறாள். கல் வெட்டுகிறவர், திருநாள் முடியும்வரை கையில் முப்பது கல் இருக்கிறது, அதற்கப்புறம் தேய்த்துக் கொடுக்கிறேன் என்றாராம். வருடம் முழுக்கக் கல்லறைப் பக்கமே போகாதவர்களெல்லாம் அந்த ஒரு வாரத்தில்தான் கல் கேட்பார்கள். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தாளை எழுதியவன் நான்.

"இந்த வருஷம் நீங்க வர வேணாம்மா" என்று வெனிலா அம்மாவிடம் சொல்லிப் பார்த்தாள். அதுவரை கல்லறை என்றாலே பேச்சை மாற்றிய அமல்ராணி, அதைக் கேட்டதும் கிளம்பிவிட்டார்.

"மொத வருஷம். நான் போவலன்னா அந்த மனுஷனுக்கு யாரு மெழுவத்தி ஏத்துவாங்க? பயமாத்தான் சார் இருக்குது. நீங்களும் வாங்க. உங்களுக்குத்தான் பயமே இல்லியே."

நவம்பர் இரண்டு, ஞாயிற்றுக்கிழமை. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் பஸ்ஸில் ஏறக் கூட்டம் முண்டியடித்தது. இடம் கிடைக்கவில்லை. சாமந்தி மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு அமல்ராணி நின்றபடியே வந்தார்.

"இருபத்திரண்டு வருஷத்துல இந்த பஸ்ல நான் நின்னுக்கினு வந்ததே இல்ல சார். பஸ் உள்ள திரும்பறப்பவே ஓடிப்போயி ஜன்னல்ல துண்டு போட்ருவாரு."

நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன். கல்லில் இருப்பதை அதோ சொல்லிவிடலாம், இதோ சொல்லிவிடலாம் என்று விக்கிரவாண்டி தாண்டி, கூட்டேரிப்பட்டும் தாண்டிவிட்டது.

கல்லறைத் தோட்டத்தில் மழை விட்டுச் சேறாக இருந்தது. சுண்ணாம்பு வாசனை, ஊதுவத்தி வாசனை. ஃபாதர் ஒரு பக்கமிருந்து கல்லறைகளைத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு வந்தார். வெனிலா கேட்டிலேயே நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அமல்ராணி நடந்துகொண்டே இருந்தார். இன்னும் பத்தடி. என் கையிலிருந்த மடக்கிய குடை சேற்றில் விழுந்தது. இதற்குக் காற்றைச் சொல்ல முடியாது.

"அமல்ராணிம்மா, நில்லுங்க. இப்ப ஒண்ணு வரும். கண்ண மூடிக்கோங்க."

அந்தக் குரலில் நான் அதுவரை பேசியதில்லை. அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு மறுபேச்சில்லாமல் கண்ணை மூடிக்கொண்டார். வெனிலா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

சொன்னேன். தாளில் எழுதியதைச் சொன்னேன், கல்லில் வந்ததைச் சொன்னேன். "அவுருக்குப் பக்கத்துல உங்க பேரு இருக்குது. மறைவுன்னு போட்டு, தேதி போடாம உட்டுருக்காங்க. தப்பு என்னுது. இத உங்ககிட்ட சொல்ல ஒரு வாரமா எனக்கு பயம். ரொம்ப பயம்."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. பக்கத்துக் கல்லறைக்காரர்கள் ஜெபம் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள்.

"தொறக்கலாமா சார்?"

"தொறங்க."

திறந்தார். முன்னால் போய்க் குனிந்து, தன் பெயரை ஒருமுறை படித்தார். பிறகு கணவர் பெயரைப் படித்தார். அப்புறம்தான் அழுதார். பிப்ரவரியில் அழாததையெல்லாம் சேர்த்து அழுதார். வெனிலாவும் அழுதாள். நான் கண்ணாடியைத் துடைத்தேன்.

முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு மாலையைப் போட்டார்.

"அடுத்த வாரமே அத அழிச்சிக் குடுக்கச் சொல்றேம்மா" என்றேன்.

"வேணாம் சார், இருக்கட்டும்." மெழுகுவர்த்தியைப் பற்றவைத்து, காற்றுப் படாமல் கையை வைத்து மறைத்தபடி கல்லைப் பார்த்தார். "துண்டு போட்டு எடம் புடிச்சிக்கினு உக்காந்துங்கீறாரு."

பிறகு கொஞ்சம் குரலை உயர்த்தி, கல்லுக்குக் கீழே இருப்பவருக்கே சொன்னார்:

"ஜல்தி பண்ணாதய்யா. நூறுல இன்னும் பன்னண்டு காட்சி பாக்கி இருக்குது. பாத்துட்டு வர்றேன்."