புல்வெட்டும் வண்டியில் ஏறிய ரோசம்மா

செய்தி வந்தபோது புல்வெட்டும் வண்டிக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன். பசறையிலிருந்து ரோசம்மா அக்காவின் மகள் போனில் பேசினாள். "மாமா, அம்மா போயிட்டாங்க." "சரிம்மா" என்றேன். மிச்ச எண்ணெயையும் ஊற்றி மூடினேன். மைதானத்துப் புல்லை ஒரு சுற்று வெட்டிவிட்டுத்தான் புறப்பட்டேன்.

நமுனுகுலப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து கிரிக்கெட் மைதானத்தில் வேலை செய்த எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். தொண்ணூறுகளில் அங்கே பெண்கள் வரிசையாகக் குந்தி அரிவாளால் புல் வெட்டினார்கள். உட்கார்ந்து ஓட்டும் வண்டி கொழும்பிலிருந்து வந்தபோது ஆண்களே தயங்கினார்கள். "நான் ஓட்டுறேங்க. பழக்கி விடுங்க" என்று முன்னால் வந்தவர் அக்கா. தோட்டத்தை நிர்வகித்த துரை சிரித்தார். மெக்கானிக்கான நான் பழக்கிவிட்டேன்.

அவர் ஓட்டத் தொடங்கியதும் மற்ற பெண்களைக் கொழுந்து பறிக்க மலைக்கு அனுப்பினார்கள். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளின் வாசலில் அவருடைய கூட்டாளி ஜெயம் கேட்டாள்: "நீ ஏறுன வண்டிதானடி எங்கள மலைக்கு ஏத்திருச்சு?" மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் அக்கா துரைக்கு முன்னால் போய் நின்றார்.

"அவங்களையும் எடுங்க தொரை. இல்லாட்டி நான் வண்டியில ஏற மாட்டேன்."

போட்டி நெருங்கியிருந்தது. வேறு ஓட்டுநர் இல்லை. தண்ணீர் ஊற்றவும் களை பிடுங்கவும் ஜெயத்தையும் இன்னொருத்தியையும் மட்டும் எடுத்தார்கள். மற்றவர்கள் மலையிலேயே இருந்தார்கள். அவர்களில் சிலர் கடைசிவரை அக்காவோடு பேசவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு மண்ணுக்கடியில் குழாய் பதித்தார்கள். குறித்த நேரத்தில் அதுவே திறந்து தண்ணீர் தெளிக்கும், அதுவே மூடிக்கொள்ளும். ஜெயத்துக்கு வேலை போனது. அக்கா மறுபடியும் போய்க் கேட்டார். அப்போது இருந்தவர் புதுத் துரை. வண்டி ஓட்ட இளைஞர்கள் பலர் பழகியிருந்தார்கள். "இஷ்டமில்லன்னா நீயும் வேலைய விட்டு நிண்டுக்க" என்றார் அவர். ஜெயம் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அக்கா திரும்பி வந்து வண்டியில் ஏறினார். வெகுநேரம் அதைக் கிளப்பவில்லை.

"கெடைக்காதுன்னு தெரிஞ்சும் ஏங்க்கா போனீங்க?" என்றேன்.

"நம்ம போய்க் கேக்காட்டி, முடியாதுன்னு நம்ம மூஞ்சியப் பாத்துச் சொல்ற கஷ்டம்கூட அவங்களுக்கு இல்லாமப் போயிரும் தம்பி."

அடக்கம் முடிந்து இத்தனை நாளாகியும் எனக்கு அழுகை வரவில்லை. அவர் சொன்ன அந்தச் சொல் மட்டும் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.