ஆஸ்பத்திரியில் ஒரு கரைவலை

என் மகளுக்கு நாலு வயசுல காய்ச்சல் வந்து இடது கால் துவண்டுபோச்சு. இளம்பிள்ளை வாதம்னு சொல்லி ராமநாதபுரத்து ஆஸ்பத்திரியில சேர்த்துக்கிட்டாக. சுதந்திரம் வந்து ஏழெட்டு வருசம் இருக்கும். காய்ச்சல் விட்டதும் டாக்டர், "எந்திரிச்சு நடக்க வைங்கம்மா, படுத்தே கிடந்தா கால் சூம்பிரும்"னாரு. சொல்றதுக்கென்ன, சொல்லிட்டுப் போயிட்டாரு. கெஞ்சினேன், மிட்டாய் காட்டினேன், ஒரு நா ரெண்டு சாத்தும் சாத்தினேன். கட்டிலை விட்டு இறங்கமாட்டேன்னுட்டா. "வலிக்குதும்மா, தூக்கு"ன்னு கையை நீட்டுவா. நானும் தூக்கிருவேன்.

பக்கத்துக் கட்டில்ல திருப்பாலைக்குடிக்காரி ஒருத்தி, தொடையெலும்பு முறிஞ்ச மகனை வச்சுக்கிட்டு இருந்தா. மீன் விக்கிறவ. அவனுக்குக் காலைத் தூக்கிக் கட்டி, மணல்மூட்டையைத் தொங்கவிட்டு மல்லாக்கப் போட்டிருந்தாக. பய சும்மா கிடந்து அழுகுறானேன்னு, பழஞ்சேலையைக் கிழிச்சு முறுக்கி நீளக் கயிறாக்கி, நுனியில ஓலைப்பெட்டியைக் கட்டித் தரையில விட்டா. அதுதான் கடல்ல போட்டுக் கரையில நின்னு இழுக்கிற கரைவலையாம். அவன் படுத்துக்கிட்டே சத்தம் கொடுத்து இழுக்க, வார்டுப் பிள்ளைக ஒண்ணொண்ணா வந்து கயிறைப் பிடிச்சுச்சுக. என் மக எட்டி எட்டிப் பார்த்தா. "வா தாயி, நீயும் ஒரு கை பிடி, ஆளு பத்தலை"ன்னா அவ. அம்புட்டுத்தான். கட்டிலைப் பிடிச்சு இறங்கி நின்னுட்டா என் மக.

எனக்குச் சந்தோசம் வரலை, வயிறுதான் எரிஞ்சுச்சு. பெத்தவ கெஞ்சுறப்ப வலிச்ச காலு, மீன்காரி கூப்பிட்டா வலிக்காதாக்கும்?

நான் சாயல்குடிக்கு உள்ள, புஞ்சைக்காட்டுல பிறந்து வளர்ந்தவ. கரைவலை இழுக்கிறவுக கடலைப் பார்த்து நின்னபடி பின்னாலேயே நடந்து போவாகன்னு எனக்கு எப்படித் தெரியும்? என் பிள்ளை பின்னுக்குப் பின்னுக்கு அடிவைக்கவும் பதறிப்போனேன். "இப்படிப் பழக்கிவிட்டா நாளைக்கு இவ முன்னால நடப்பாளா?"ன்னு சண்டைக்குப் போனேன். "முதல்ல நடக்கட்டும்த்தா, முன்னாலயா பின்னாலயாங்கிறதை அப்புறம் பார்த்துக்கிருவோம்"னுட்டா. வார்டே சிரிச்சுச்சு. நர்சம்மாவும் சேர்ந்து சிரிச்சாக. எனக்கு மூஞ்சியை எங்கன வச்சுக்கிறதுன்னு தெரியலை.

அவ விடலை. பிள்ளைகளுக்குக் கால் தேறத் தேறக் கயிறை நீளமாக்கினா. பெட்டிக்குள்ள முதல்ல ஒண்ணுமில்லை, அப்புறம் தலகாணி, அப்புறம் செங்கல்லு. பிள்ளைக விழுந்துருமேன்னு பின்னாடி கையை விரிச்சுக்கிட்டு நிப்பா. அதனால என் மக ஒவ்வொரு அடியும் என்னை விட்டு விலகி அவ பக்கமாத்தான் போவா. போதாக்குறைக்கு அவளை 'வலையம்மா'ன்னு கூப்பிட ஆரம்பிச்சா. வலைக்காரின்னா போதாதா? சோறு ஊட்டுறது நான், மூத்திரத்துணி அலசுறது நான், அம்மாப் பட்டம் மட்டும் அவளுக்கா? வலை இறங்கிருச்சுன்னா நான் கழுவின டம்ளரையே எடுத்துக்கிட்டு வராந்தாவுக்குப் போயிருவேன், மறுபடி கழுவ. அவளுக்கும் உள்ளுக்குள்ள இருந்திருக்கும். ஒரு நா, "உன் பிள்ளை எந்திரிச்சிருச்சு, என் பிள்ளை எப்ப எந்திரிக்குமோ"ன்னா. அப்பவும் எனக்கு மனசு இளகலை.

அப்புறம் ஒரு நா சாயங்காலம், "செங்கல்லு கனம் பத்தலைத்தா, நீ வந்து மீனா உக்காரு"ன்னு வம்படியாக் கையைப் பிடிச்சு இழுத்து, பழைய போர்வையில என்னை உக்கார வச்சு, அதோட முனையைக் கயித்துல முடிஞ்சா. எல்லாரும் பார்க்குறாகளேன்னு கடுகடுன்னு உக்காந்திருந்தேன். அவ மகன் கட்டில்லருந்து சத்தம் கொடுத்தான். பிள்ளைக இழுத்துச்சுக. வழுவழுன்னு சிமிண்டுத் தரை, போர்வை நகர்ந்துருச்சு.

அப்பத்தான் பார்த்தேன். பின்னால நடக்கிற பிள்ளைக்கு மூஞ்சி என்னையப் பார்த்துல்ல இருக்கு! உதட்டைக் கடிச்சுக்கிட்டு, கண்ணை என் மேலயே வச்சுக்கிட்டு, அந்த இடது காலைத் தடவித் தடவிப் பின்னுக்கு ஊனுறா. இத்தனை நாளும் அந்த மீன்காரிக்குக் கிடைச்சது என் பிள்ளையோட முதுகுதான். மூஞ்சியப் பார்த்திருக்க வேண்டியவ நான், வராந்தாவுல டம்ளர் கழுவிக்கிட்டு இருந்திருக்கேன். கண்ணு நிறைஞ்சுபோச்சு எனக்கு.

என் மக இழுக்கிறதை நிறுத்தினா. என்னைய உத்துப் பார்த்தா. "ஏம்மா?"ன்னு ஒரு வார்த்தை என்கிட்டக் கேட்டிருக்கலாம்ல. கேட்கலை. கழுத்தை மட்டும் பின்னால திருப்பி அவகிட்டத்தான் சொன்னா, "வலையம்மா, மீனு அழுகுது."