அடித்தல் திருத்தல் இல்லாத பேரல்

பத்திர எழுத்தர் சக்கரவர்த்தி எறும்பைக்கூட மிதிக்காதவர்; அவர் வீட்டுக்குள் முட்டை நுழைந்ததில்லை. ஆனாலும் வட ஆற்காட்டில் அவர் அளவுக்குக் குறி பார்த்துச் சுடுகிறவர்கள் இரண்டு பேருக்கு மேல் இல்லை. ஐம்பது மீட்டர் தூரத்தில் சட்டைப் பொத்தான் அளவு வட்டம். போட்டியில் படுத்தபடி அறுபது குண்டு சுட வேண்டும். காகிதத்தைத் தவிர வேறெதையும் அவர் துளைத்ததில்லை.

திருவண்ணாமலை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருபது வருடம் உட்கார்ந்து எழுதியதில், எல்லாரும் எதையோ மறைக்கிறார்கள் என்பது அவருக்கு உறுதியாகிவிட்டது. கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கொடுத்தால்கூட, ஐயர் நட்சத்திரத்தைச் சரியாகச் சொல்கிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்.

1980-ல் அவருடைய குண்டுகள் சிதற ஆரம்பித்தன. முதலில் குண்டு விற்றவரைச் சந்தேகப்பட்டார். பிறகு மூக்குக் கண்ணாடி எழுதிக்கொடுத்த டாக்டரை. அந்த வருடம் இரண்டு தேர்தல்; இரண்டு முறையும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. ஏட்டய்யா எடுத்துக் காக்காய் சுட்டிருப்பாரோ என்றும் யோசித்தார்.

கோளாறு துப்பாக்கிக் குழலில்தான் என்ற உண்மையைச் சொன்னவர் ஆதிமூலம். ஆரணியில் நெல் மண்டி வைத்திருந்தவர். போட்டியில் எப்போதும் இவருக்கு ஒரு இடம் முன்னாலோ பின்னாலோ வருபவர்.

"பேரல் தேஞ்சிப்போச்சி சார். மாத்திடுங்க."

"நான் மாத்தினா உங்களுக்கு இன்னா லாபம்?"

"உங்களத் தோக்கடிச்சாதான் எனக்கு மரியாத. இப்போ கண்ணு தெரியாதவனத் தோக்கடிச்ச மாதிரி இருக்குது."

பதில் நியாயமாக இருந்தது. அதுதான் சக்கரவர்த்திக்குப் பிடிக்கவில்லை.

மாநிலப் போட்டிக்கு இரண்டு மாதம் இருந்தது. அறுநூறு புள்ளிக்கு ஐந்நூற்று எழுபது எடுத்தால் தேசியப் போட்டிக்குப் போகலாம். வயது நாற்பத்தொன்பது. அடுத்த வருடமும் கண் ஒத்துழைக்கும் என்று அவர் நம்பவில்லை. சொந்தக் கண்ணுக்கும் விதிவிலக்கு கிடையாது.

வேலூரில் துப்பாக்கிக் கடை வைத்திருந்த காசி இரண்டு பேரல்களைத் துணிமேல் வைத்தார். ஒன்று எண்ணெய்க் காகிதம் பிரிக்காத புதுசு. இன்னொன்று, காலமாகிவிட்ட ஒரு போட்டிக்காரரின் துப்பாக்கியிலிருந்து கழற்றியது. மேலே நிறம் மங்கியிருந்தது.

"பழச எடுங்க சார்" என்றார் கூடவே வந்திருந்த ஆதிமூலம்.

காசி ஒரு ஈயக்குண்டை பேரல் வாயில் வைத்துக் கம்பியை நீட்டினார். "நீங்களே தள்ளிப் பாருங்க. என் கைய நம்ப வேணாம்."

புதியதில் குண்டு நடுவழியில் இளகி, மறுபடி இறுகியது. பழையதில் முதலிலிருந்து கடைசிவரை ஒரே இறுக்கமாகப் போயிற்று. காசி இரண்டையும் மாற்றி மாற்றிப் பொருத்திக் கொடுத்தார்; ரைபிள் கிளப் மைதானத்தில் சக்கரவர்த்தியே சுட்டார். புதியதில் குண்டுகள் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் பரவின. பழையதில் பத்தும் ஒரே ஓட்டை.

மற்றவர்கள் சந்தோஷப்படும் இடத்தில் அவர் முகம் சுருங்கியது. ஒரு அடித்தல் திருத்தல்கூட இல்லாத பத்திரத்தைத்தான் அவர் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பது வழக்கம். நிஜமாக எழுதியதென்றால் எங்கேயாவது கை தடுமாறியிருக்கும். கள்ளப் பத்திரம்தான் சுத்தமாக இருக்கும்.

"புதுசையே போடுங்க."

"சார், உங்க கையாலயே சுட்டீங்களே!"

"அதான் கேக்கறேன். இவ்ளோ நல்ல பொருள அந்த வீட்ல ஏன் விக்கறாங்க?"

"அவரு செத்துட்டாருங்க" என்றார் காசி.

இந்த விளக்கமும் எடுபடவில்லை. புதிய பேரலின் எண்ணை லைசென்ஸில் ஏற்றும்போது ஒவ்வொரு இலக்கத்தையும் மூன்று முறை சரிபார்த்தார். அதில் பிழை எதுவும் இல்லை.

சென்னையில் நடந்த மாநிலப் போட்டியில் அவர் எடுத்தது ஐந்நூற்று அறுபத்தாறு. ஆதிமூலம் ஐந்நூற்று எழுபத்துநான்கு. சக்கரவர்த்தி பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். ஆதிமூலத்தின் துப்பாக்கியில் அந்த மங்கிய பேரல்.

"நீங்க வேணாம்னுட்டீங்க. உட மனசு வரல சார்" என்றார் ஆதிமூலம்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சரோஜாவிடம் சொன்னார்: "நான் அப்பவே நெனச்சேன். அந்த ஆளுக்கு அதுமேல ஒரு கண்ணு."

"அவருதானே உங்கள எடுத்துக்கச் சொன்னாரு?"

"அங்கதான் தந்திரம். அவன் சொன்னா நான் எடுக்கமாட்டேன்னு அவனுக்குத் தெரியும்."

"அது தெருவுக்கே தெரியும்" என்றாள் சரோஜா.

சக்கரவர்த்தி துப்பாக்கியைத் துடைத்து உறையில் போட்டார். தேசியப் போட்டி போன துக்கம் அன்று மாலைவரைகூட நிற்கவில்லை. தெருவில் யார் யாருக்குத் தெரியும், அவர்களுக்குச் சொன்னது யார் என்று விசாரிக்க வேண்டியிருந்தது.