அரசியின் சாய்ந்த தரை

என் மனைவி தச்சர். ஆமாம், தச்சர்தான், முகத்தை ஏன் அப்படி வைத்துக்கொள்கிறீர்கள்? பாட்டாகவே கதை நடக்கும் ஓபரா அரங்கில் இருபது வருடமாக மேடை கட்டுகிறாள். நான் அங்கேயே விளக்குக்காரன். வீட்டிலும் அங்கேயும் அவள் சொல்வதுதான் சட்டம். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

ஓர் அரசி ஆட்சியை இழக்கும் கதை வந்தது. மேடை வடிவமைப்பாளர் கொண்டுவந்த படத்தில் அரண்மனை இல்லை, தூண் இல்லை, நாற்காலிகூட இல்லை. வெள்ளையாக ஒரு சாய்ந்த தரை, அவ்வளவுதான். பட்டறையில் எல்லாரும் சிரித்தோம்.

"இதுல சிரிக்க என்ன இருக்கு? ராணிக்குக் கால் ஒரு இடத்துல நிக்கல. அதான் தரையே சாஞ்சிருக்கு" என்றாள் இவள். அன்றிலிருந்து வடிவமைப்பாளர் இவளிடம் மட்டும்தான் பேசினார்.

இரண்டு மாத வேலை. பாட்டுக்கு நடுவே தரை கிரீச்சிடக் கூடாதென்று பலகைகளுக்கு இடையில் கம்பளித் துணி வைத்து இறுக்கினாள். வழுக்காமலிருக்கப் பெயிண்டில் பொடிமணல் கலந்தாள்.

ஒத்திகையன்று காலை, அரசியாகப் பாடும் அம்மா ஓரடி வைத்துவிட்டுப் பின்வாங்கினார்.

"இது மேடையா, சறுக்குமரமா? விழுந்தா என் இடுப்புக்கு யார் பொறுப்பு? நான் ஏற மாட்டேன்."

மேலாளர் கையைப் பிசைந்தார். "மத்தியானத்துக்குள்ள அறுத்துச் சமமாக்கிடுங்க."

எனக்கு வந்ததே கோபம்! அறுக்கிறதாம், கத்தரிக்காய் பாருங்கள்!

இவள் சுத்தியலைக் கீழே வைத்தாள். "அம்மா, உங்க செருப்பைக் கொஞ்சம் குடுங்க."

மூன்று விரல் உயரக் குதிகால். எங்கள் கல்யாணத்துக்குக்கூட இவள் அப்படி ஒன்றைப் போட்டதில்லை. மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று ஏறினாள், இறங்கினாள். அதோடு விட்டாளா? எங்களைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து மறுபடியும் உச்சிக்குப் போனாள்.

"செருப்புதான் கடிக்குது. தரை ஒண்ணும் பண்ணல!" என்று அங்கிருந்து கத்தினாள்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, கையைக் குடு" என்று ஏறினார். மேலாளர் அதற்குப் பிறகு ரம்பத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

அரங்கேற்ற இரவு. கடைசிப் பாட்டை அம்மா மூச்சளவுக்கு மெல்லப் பாடினார். நான் பாட்டையா கேட்டேன்? தரையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கைதட்டலில் அரங்கே அதிர்ந்தபோது, அவர் கூட்டத்தைப் பார்த்தபடியே, யார் கையையும் பிடிக்காமல், பின்னோக்கி நடந்து உச்சிக்கு ஏறினார். பார்த்தவர்கள் அதுவும் நாடகம் என்றே நினைத்திருப்பார்கள்.

பக்கத்திரை ஓரம், என் விளக்கருகில், இவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். என் பெண்டாட்டி கட்டிய தரைடா அது என்று கத்த வேண்டும்போல் இருந்தது எனக்கு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதருகே குனிந்தாள். "கேட்டீங்களா? ஒரு கிரீச் இல்ல."