பார்சல் கட்டிய கரவன்

என் கணவர் ஊரில் தபால் கந்தோரில் பார்சல் பகுதியில் வேலை பார்த்தவர். நடந்தது எல்லாவற்றுக்கும் அந்த உத்தியோகம்தான் காரணம் என்று நான் இன்றைக்கும் சொல்வேன். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

எண்பதுகளின் நடுவில், ஜெர்மனியில் எங்களுக்கு அது முதல் குளிர்காலம். அகதிகள் இருந்த ஹைம் என்கிற விடுதி நிரம்பி வழிந்தது. கைக்குழந்தைக்காரர் என்று இரக்கப்பட்டு, ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் எங்களுக்கு ஒரு கரவன் தந்தார்கள். காரின் பின்னால் கொழுவி இழுத்துப் போகிற, சில்லு வைத்த வீடு அது. ஜெர்மன்காரர் கோடையில் ஆசைக்கு வந்து தங்கிவிட்டு, குளிர் வருமுன் புத்தியோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள். நாங்கள் அவர்கள் போன பிறகு போய்ச் சேர்ந்தோம். பக்கத்துக் கரவனில் எங்கள் ஊர்ப்பக்கத்து அண்ணை ஒருவர் தனியாக இருந்தார். ஊரில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். தூக்கம் அவருடைய கரவனில், சாப்பாடு எங்களுடையதில். வாசலடி வீட்டில் அந்த இடத்தின் சொந்தக்காரி, உயரமான ஒரு ஜெர்மன் மனுசி.

ஹைமில் நான் ஒருநாள் கருவாடு பொரித்தபோது மேல்மாடிவரை மணம் போய், பொறுப்பாளர் வந்து எல்லோருக்கும் முன்னால் என் கணவரைப் பேசிவிட்டார். அந்த வெட்கம் அவருக்கு ஆறவில்லை. கரவனுக்கு வந்த வாரமே பார்சல் ஒட்டுகிற மண்ணிற டேப் வாங்கி வந்து, யன்னல் இடுக்கு, கூரைத் துவாரம், கதவு விளிம்பு என்று ஒன்றும் விடாமல் ஒட்டினார். கூரைமேல் ஏறியும், முழங்காலில் நின்று அடியிலும் ஏதோ செய்தார். மூலை மடித்து, அழுத்தித் தேய்த்து, கடல் கடந்து போகிற பார்சலைப் போலக் கட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"இனி ஒரு சொட்டு மணம் வெளியில போகாது. ஒருத்தரும் ஒரு சொல் சொல்ல ஏலாது," என்றார். எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு குளிர் வந்தது. ஏரி ஓரத்தில் கண்ணாடி போலப் பனி பிடித்தது. காஸில் எரிந்து உள்ளே சூடு தருகிற ஹைட்சுங் ஒன்று அலுமாரிக்குக் கீழே இருந்தது. அதை அன்றுதான் முதன்முதல் மூட்டப் பார்த்தோம். எரியவில்லை. அடுத்த நாள் சோசியலில் இருந்து ஒரு மனுசி வந்தாள். அகதிகளுக்கு உதவி தருகிற கந்தோரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கையுறையைக் கழற்றிவிட்டுப் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டாள். முகம் மாறிவிட்டது. நாளை மதியம் திரும்பி வருவேன், அதற்குள் இங்கே சூடு இல்லாவிட்டால் தாயையும் பிள்ளையையும் வேறு நகரத்தில் இருக்கிற தாய்மார் விடுதிக்குக் கொண்டுபோய்விடுவேன் என்றாள். ஆண்களை அங்கே எடுக்கமாட்டார்கள். அகதிகள் மாவட்ட எல்லையைத் தாண்டவே அனுமதி கேட்டு நிற்க வேண்டிய காலம் அது. தன் மகளின் முகத்தைப் பார்க்க இவர் ஒவ்வொரு முறையும் ஒரு கந்தோரில் போய்க் கைகட்டி நிற்க வேண்டும்.

விடிந்ததும் இரண்டு ஆண்களும் ஹைட்சுங்குக்கு முன்னால் குந்தினார்கள். குமிழை அமத்தினால் காஸ் சீறும். பக்கத்துப் பொத்தானை அடித்தால் பொறி பறக்கும். சின்ன கண்ணாடி வழியே நீலமாக ஒரு சுவாலை எட்டிப் பார்க்கும். "பத்திட்டுது!" என்று இவர் கத்துவார். கத்தி முடிக்குமுன் அது 'பொப்' என்று அணைந்துவிடும்.

"சிலிண்டர் குளிர்ல விறைச்சுப்போச்சு," என்று இவர் என்னுடைய ஒரேயொரு கம்பளிச் சால்வையைக் கொண்டுபோய்ச் சிலிண்டருக்குப் போர்த்திவிட்டார். நானும் பிள்ளையும் நடுங்கிக்கொண்டு கட்டிலில்; சிலிண்டர் சால்வைக்குள்.

அண்ணை ஹைட்சுங்கின் மண்டையில் இரண்டு குத்து விட்டார்.

"என்ன அண்ணை செய்யிறியள்?" என்று கேட்டேன்.

"லூஸ் கனெக்‌ஷன் தங்கச்சி. எந்த மெசினும் ரெண்டு தட்டுத் தட்டினா வழிக்கு வரும்."

"அது ரேடியோவுக்கு!"

"ரேடியோவே வருது, இது வராதோ?"

வரவில்லை. இன்னும் பலமாகக் குத்தினார். அலுமாரிக்குள் இருந்த சீனிப் போத்தல் விழுந்ததுதான் மிச்சம். பிறகு திடீரென்று எழுந்து நின்று, இன்று வெள்ளிக்கிழமை, ராகுகாலம் தொடங்கிவிட்டது, இந்த நேரத்தில் புது நெருப்பு மூட்டக்கூடாது என்றார். ராகு ஜெர்மன் நேரத்துக்கு வருவாரா, யாழ்ப்பாண நேரத்துக்கு வருவாரா என்று இவர் கேட்டார். கேட்டவர் பகிடிக்குக் கேட்கவில்லை. இரண்டு பேரும் விரல்விட்டு எண்ணி, யாழ்ப்பாணத்தில் ராகுகாலம் எப்போதோ முடிந்துவிட்டது, ஆகவே மூட்டலாம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சிலிண்டரைத் தூக்கி ஏரிக்குள் போட்டிருப்பேன்.

"மதியம் அவள் வரப்போறாள்! நான் பையைக் கட்டட்டோ?" என்று சத்தம் போட்டேன்.

"பொறும். இது பத்தாட்டி சமைக்கிற காஸ் குக்கரை ரெண்டு அடுப்பும் எரிய விடுவம். ராவும் அப்பிடியே விட்டிட்டுப் படுப்பம். சூட்டுக்குச் சூடும் ஆச்சு," என்றார் இவர்.

அது எனக்கு நல்ல யோசனையாகத்தான் பட்டது.

அண்ணையின் குத்துச் சத்தம் வாசல்வரை கேட்டிருக்க வேண்டும். கதவைத் தட்டிக்கொண்டு இடத்துக்காரி வந்து நின்றாள். கரவனை உடைக்கிறோம் என்று நினைத்து வந்தவள், பிள்ளையைப் பார்த்ததும் குனிந்து குமிழை அமத்தினாள். நீலச் சுவாலை வந்தது, 'பொப்' என்று போனது. எங்கள் மூன்று பேரின் முகத்தையும் பார்த்து, "லுஃப்ட்?" என்றாள். காற்று எங்கே என்று கேட்டாள். இந்த ஹைட்சுங் கரவனுக்கு அடியில் இருக்கிற ஓட்டையால் காற்று இழுத்து, கூரையால் புகை விடும் என்று கையால் காட்டினாள்.

இவருடைய முகத்தைப் பார்க்க வேண்டுமே! எங்கெங்கே ஒட்டியது என்று அவருக்குத்தானே தெரியும்.

வெளியே ஓடிக் கரவனுக்கு அடியில் புகுந்தார். சர்ர்ர் என்று டேப் கிழிகிற சத்தம் கேட்டது. அண்ணை கூரையில் ஏறினார். அங்கேயும் சர்ர்ர். இடத்துக்காரி மறுபடி குமிழை அமத்திப் பிடித்தாள். சுவாலை நின்றது. கண்ணாடிக்குள் வரிசையாக நீலப் பற்கள் தெரிந்தன. நான் கத்திய கத்தலில் பிள்ளை எழும்பி அழுதது.

ஆனால் இடத்துக்காரி சிரிக்கவில்லை. யன்னலைப் பார்த்தாள், கதவு விளிம்பைப் பார்த்தாள், கூரைத் துவாரத்தைப் பார்த்தாள், கடைசியில் குக்கரைப் பார்த்தாள். எல்லாவற்றையும் அடைத்துப்போட்டு இதற்குள் நெருப்பு எரியவிட்டுப் படுத்தால், காலையில் பிள்ளையோடு மூன்று பேரும் "டோட்" என்றாள். ஜெர்மன் எங்களுக்கு அவ்வளவு தெரியாது. செத்தவர் என்கிற அந்தச் சொல் தெரியும். அகதி விசாரணையில் நாங்கள் அதிகம் சொன்ன சொல் அதுதான்.

ஏன் அடைத்தீர்கள் என்று கேட்டாள். இவர் மூக்கைத் தொட்டுக் காட்டி, "மீன். மணம்," என்று இருக்கிற ஜெர்மனில் சொன்னார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, அடைத்தும் வாசல்வரை மணக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதன் பிறகு என் கணவருக்குக் காற்றுப் பைத்தியம் பிடித்தது. யன்னல்களின் டேப்பை எல்லாம் உரித்து, இருந்த யன்னல் அத்தனையையும் விரியத் திறந்து வைத்தார். ஹைட்சுங் உயிரைக் கொடுத்து எரிந்தது. உள்ளே ஏரிக்காற்று விசிலடித்தது. சோசியல் மனுசியின் கார் வாசலில் திரும்புவது தெரிந்தது. "பூட்டுங்கோ! பூட்டுங்கோ!" என்று நானும் அண்ணையும் ஓடி ஓடி யன்னல்களைப் பூட்டினோம். அவள் உள்ளே வந்தாள். ஹைட்சுங்கின் மேல் உள்ளங்கையை வைத்தாள். பிள்ளையின் கன்னத்தைத் தொட்டாள். சால்வையைச் சிலிண்டரிடம் இருந்து நான் பறித்து வந்து பிள்ளைக்குச் சுற்றியிருந்தேன். "குட்," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவ்வளவுதான். நான் கட்டிலில் இருந்துவிட்டேன்.

அண்ணையிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி போட்டேன். இவரைக் காணவில்லை. வெளியே போய்ப் பார்த்தால், கரவனுக்கு அடியிலிருந்து இரண்டு சப்பாத்துகள் மட்டும் பனிக்குள் நீட்டிக்கொண்டிருந்தன. காலையிலிருந்து பேசுவதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். பார்சல் கந்தோர் தொடங்கி, சால்வை, ராகுகாலம் என்று வரிசையாகவே இருந்தது.

"அங்க என்ன செய்யிறியள்?" என்றேன்.

"காத்து வருதோ எண்டு பாக்கிறன்."

"அதான் எரியுதே."

"ராவும் குக்கரை விட்டிட்டுப் படுப்பமெண்டு நானெல்லோ சொன்னனான்," என்றார். "இடத்துக்கார மனுசி வராட்டி, நானே என்ர கையால, பிள்ளையை..."

குனிந்து அவருடைய காலைப் பிடித்து இழுத்தேன்.

"வெளியில வாங்கோ," என்றேன். "தேத்தண்ணி ஆறுது."