இரண்டிரண்டாக அடித்தால் திருடன்

புலம்பெயர்ந்தோர் நிறைந்த செயின்ட்-மிஷேலில் காலை எட்டு மணி. ஒரு மூலைக்கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறேன். கடைக்காரர் ராசன் யாழ்ப்பாணத்துக்காரர். கல்லாவில் அவர் மனைவி யூனி, ஜாவாக்காரி. ஊரிலிருக்கும் தங்கையோடு பேசிக்கொண்டிருந்த யூனியின் கைபேசியில் மரக்கட்டை அடிக்கும் சத்தம். அவருடைய கிராமத்தில் இப்போது மாலை ஏழு.

காவல் நிலையம் தொலைவில் இருப்பதால் அங்கே வீட்டுக்கு வீடு ஒரு குடைந்த மரக்கட்டை தொங்குகிறது. மும்மூன்றாக அடித்தால் தீ, இரண்டிரண்டாக அடித்தால் திருடன்.

"கதையாதேங்கோ, எண்ணுறன்," என்று யூனி எங்களை அதட்டுகிறார். "ரெண்டு... ரெண்டு... கள்ளன்!"

மறுமுனையில் தங்கை அலறுகிறாள். யூனி எங்களிடம் திரும்புகிறார். "கொட்டிலிலை என்ரை மாடு இல்லையாம்!"

ஊரில் அவருக்கு இருக்கும் ஒரே சொத்து அந்தச் சினைமாடு. கட்டைக்குக் கட்டை பதில் சொல்ல, ஊரே அதிர்கிறது. பாதைகளை மறித்துவிட்டார்களாம். நானும் கல்லாமேல் சாய்ந்து காது கொடுக்கிறேன்.

பத்து நிமிடத்தில் சிரிப்புச் சத்தம். கயிற்றை அறுத்த மாடு, ஊர்த்தலைவரின் சோளத்தில் மேய்கிறது.

"கள்ளன் உன்ரை மாடுதான்!" என்கிறார் ராசன். பிறகு என்னிடம், "இங்கை எங்கடை கார் அலாரம் அரை மணித்தியாலம் கத்தினது, அண்ணை. ஒரு சனம் எட்டிப் பார்க்கேல்லை."

ஓடி வந்த அத்தனை பேருக்கும் மாட்டுக்காரர் காப்பி கொடுப்பது ஊர் வழக்கம். தன் பெயரில் அதைக் கொடுக்கும்படி தங்கையிடம் சொல்லி முடித்த யூனி, ஆறிப்போன என் கோப்பையை எடுத்துக்கொண்டு சூடாக வேறொன்று வைக்கிறார்.

"நீங்களும் மாட்டுக்கு நிண்டனீங்கள்தானே?"

பால் வாங்க வந்து, ஒன்றும் புரியாமல் கூடவே நின்ற ஹெய்ட்டிக்காரருக்கும் ஒரு கோப்பை போகிறது.